கம்பெனி போன ஊருக்கு ஒரு வளைகாப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன். வண்டி ஏழரைக்குத்தான். டிக்கெட் வரிசை நீளமாக இருந்தால் என்ன செய்வது, வரிசையே இல்லாமல் மிஷின் பழுதாகிக் கிடந்தால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து முன்னாடியே கிளம்பிவிட்டேன். வரிசையும் இல்லை, மிஷினும் நன்றாகத்தான் வேலை செய்தது. செங்கல்பட்டுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு, தேங்காய்ச் சாதத் தூக்கையும் தயிர்ச் சாதத் தூக்கையும் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாந்திக்காகக் காத்திருந்தேன்.

நான் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய கடப்பேரியில். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து ஏற்றுமதி மண்டலத்தில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் காலர் தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வேறு வேலை எதுவும் தெரியாது. வீட்டிலிருந்து கம்பெனி கேட்டுக்கு நடந்தே போய்விடலாம். கேஸை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரம்தான். நான் பல தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட கேஸ் எரிந்துகொண்டிருந்ததில்லை.

அந்தக் கம்பெனிதான் இப்போது இடம் மாறுகிறது. தாம்பரத்தில் வாடகை ஏறிவிட்டது, தையலுக்குப் புதுப் பெண்கள் கிடைப்பதில்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படித்துவிட்டு கடைக்கும் கம்ப்யூட்டர் ஆபீசுக்கும் போய்விடுகிறார்கள் என்று மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். செங்கல்பட்டு தாண்டி, காஞ்சிபுரம் போகிற சாலையில் பாலூருக்குப் பக்கத்தில் புது யூனிட் கட்டியாகிவிட்டது. பாதிப் பேர் முன்னமே அங்கே போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் வருகிறோமா, கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிடுகிறோமா என்று திங்கட்கிழமை ஆபீசில் சொல்லியாக வேண்டும். அதாவது மறுநாள்.

எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. அடுத்திருக்கிற குரோம்பேட்டை போவதற்குள்ளேயே வயிற்றைப் புரட்டும். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். போனாலும் பயம். போகாமல் நின்றுவிட்டால் இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அதைவிடப் பயம். ஒரு மாதமாக இதே யோசனை. ராத்திரியில் நான் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் மினதிக்கு ஏழாவது மாதம் வந்தது. மினதி ஒடிசாக்காரப் பெண். எங்கள் லைனில் எனக்குப் பின் மெஷினில் உட்கார்ந்து நாலு வருஷம் பட்டன் பட்டி தைத்தாள். புருஷனுக்கு ஒரகடத்தில் வேலை என்பதால் புது யூனிட்டுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் லைனில் யார் மாசமாக இருந்தாலும் ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டுபோய் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலேயே வளைகாப்பு செய்துவிடுவோம். மதம், ஊர் எல்லாம் பார்ப்பதில்லை. நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, எனக்கும் என் மகன் வயிற்றில் இருந்தபோது அங்கேதான் செய்தார்கள். இடம் மாறிப் போய்விட்டாள் என்பதற்காக மினதிக்கு மட்டும் செய்யாமல் விடமுடியுமா? அப்படியே புது இடம் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டும் வரலாம் என்று, லைன் சார்பில் மூன்று பேர் கிளம்பினோம்.

சாந்தி வந்தாள். மேற்குத் தாம்பரத்துக்காரி, எங்கள் லைனில் பாக்கெட் தைக்கிறவள். ஒரு கையில் புளியோதரை, மறு கையில் எலுமிச்சைச் சாதம். என் முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா ஸ்டெல்லா, வளைகாப்புக்குப் போறியா, ஆஸ்பத்திரிக்குப் போறியா? மூஞ்ச ஏன் இப்டி வெச்சிகினு கீற?"

தயிர்ச் சாதம் புளித்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது என்றேன். புளித்தால் மாங்காய் ஊறுகாய் கேட்காது, லாபம்தான் என்றாள்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. எதிர் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு தம்பி. விழுப்புரத்துப் பக்கமாம். மறைமலை நகரில் ஆறு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், தாம்பரத்தில் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டு ஞாயிறு ஷிப்டுக்குப் போகிறான். அவன் கம்பெனியில் செய்கிற கார் பம்பர் கப்பலில் எந்தெந்த நாட்டுக்கோ போகிறதாம். பம்பருக்கு பாக்கெட் வைத்துத் தைக்க ஆள் வேண்டுமா என்று சாந்தி கேட்டாள். அவன் உண்மையாகவே யோசித்துவிட்டு, "அதுக்கெல்லாம் ஐடிஐ கேப்பாங்கக்கா" என்றான்.

இந்த வழி எனக்குப் பழக்கமே இல்லை. வடக்கே பார்த்தே வளர்ந்தவள் நான். துணி எடுக்க தி.நகர், பெரியாஸ்பத்திரிக்கு சென்ட்ரல், எல்லாமே அந்தப் பக்கம்தான். தாம்பரத்துக்குத் தெற்கே ஊர் முடிந்துவிடுகிறது என்று ஒரு நினைப்பு. அப்படி ஒன்றும் முடியவில்லை. பெருங்களத்தூரிலும் அடுக்குமாடி, ஊரப்பாக்கத்திலும் அடுக்குமாடி. வண்டலூரில் குடும்பம் குடும்பமாக மிருகக்காட்சி சாலை பார்க்க இறங்கினார்கள். ஒரு அப்பா தன் பையனிடம், சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தால் அழக்கூடாது, அதற்கும் இன்று லீவுதான் என்று இப்போதே பேசி முடித்துக்கொண்டிருந்தார். பெட்டியே சிரித்தது.

கூடுவாஞ்சேரியில் தேன்மொழி ஏறினாள். எங்கள் லைனில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவள். வாடகை கட்டி முடியாமல் தாம்பரத்தை விட்டுவிட்டு இங்கே ஒரு மனைப்பிரிவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சர்க்கரைப் பொங்கல், சந்தனம், குங்குமம், மல்லிகைப் பூ எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரு பெரிய கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

தேன்மொழிக்குக் குழப்பமே இல்லை. அவள் புது யூனிட்டுக்குப் போகப் போகிறாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வடக்கே போனால் என்ன, தெற்கே போனால் என்ன, தெற்கே போகிற வண்டியில் காலையில் உட்கார்ந்து போகலாம் என்றாள். சாந்திக்கும் குழப்பமில்லை. அவள் போகப் போவதில்லை. அவள் தங்கச்சி நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள், அங்கே ஆள் எடுக்கிறார்களாம்.

"ஏசில நின்னுகினு கண்ணாடி தொடைக்கணும், அவ்ளோதான்" என்றாள் சாந்தி. "ஊசி உடைஞ்சா சட்ட பூரா துண்டு தேடுற பேஜார் கிடையாது."

"கண்ணாடி உடைஞ்சா?" என்று கேட்டாள் தேன்மொழி.

நடுவில் உட்கார்ந்திருந்த நான் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டினேன்.

மறைமலை நகரில் பம்பர் தம்பி இறங்கினான். கூடவே எத்தனையோ நிறத்தில் கம்பெனிச் சட்டைகள் இறங்கின. சிங்கப்பெருமாள் கோவிலில் இன்னொரு கூட்டம் இறங்கி ஒரகடம் ஷேர் ஆட்டோக்களைப் பார்த்து நடந்தது. இந்தி, தெலுங்கு, இன்னும் எனக்குத் தெரியாத பேச்செல்லாம் காதில் விழுந்தது. கார் சாமான் ஒரு ஸ்டேஷனில், செல்போன் ஒரு ஸ்டேஷனில், துணி ஒரு ஸ்டேஷனில் என்று வேலைகள் இந்தத் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக இறங்கி உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சானடோரியத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக்குப் போகிறதெல்லாம் எங்கள் சந்திலிருந்துதான் போகிறது என்று நினைத்திருந்தேன்.

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி. வெயில் பட்டுத் தகடு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கவலைப்பட மறந்துவிட்டேன். அதற்குள் செங்கல்பட்டு வந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். வயிறு சமத்தாக இருந்தது. ரயில் எனக்கு ஒன்றும் செய்யாது, பஸ்தான்.

அந்த பஸ் வெளியே காத்திருந்தது. டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. கண்டக்டர் எங்கள் தூக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கேட்டரிங்கா என்று கேட்டார். வளைகாப்பு என்றதும், முன் பக்கம் ஜன்னலோரத்தில் இருந்த இரண்டு பையன்களை எழுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார். யாருக்கு வளைகாப்பு என்பதை அவர் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்க வழியில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். வில்லியம்பாக்கம் வரை கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் காற்று நன்றாக வீசியது, திறந்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நெல். வாந்தி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

பாலூர் தாண்டி இறங்கினோம். புது யூனிட் சாலையிலிருந்தே தெரிந்தது. நீலத் தகரக் கூரை, வாசலில் இரும்புக் கூண்டுக்குள் வேப்பங்கன்றுகள். பின்னால் பெண்கள் விடுதி. அதற்கும் பின்னால் ஒற்றை அறை வீடுகள், அதில் ஒன்றில்தான் மினதி. அவள் ஓடிவரப் பார்த்தாள், நான் தூரத்திலிருந்தே கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த வயிற்றோடு ஓடினால் என்ன ஆகும்?

"அக்கா, ஏன் இவ்ளோ லேட்டு? பசிக்குதுக்கா" என்றாள். எங்கள் லைனில் கற்ற தமிழ் அப்படியே இருந்தது.

விடுதிச் சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். விடுதிப் பெண்கள் முப்பது நாற்பது பேர் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு கூடிவிட்டார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், நம் ஊரில் திருவண்ணாமலை, திண்டிவனம். அந்த ஊரிலேயே இருந்து வேலைக்கு வருகிறவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் கோமதி என்று ஒரு அம்மாள். போன வருஷம் வரை நாற்று நட்டவர், இப்போது காலர் தைக்கிறார். என்னைப் பிடித்து உட்கார வைத்து, காலர் முனை கூர்மையாக வரமாட்டேன் என்கிறது, திருப்பும்போது மழுங்கிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று வளைகாப்பு வீட்டில் பாடம் கேட்டார். நானும் என் முந்தானையை மடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மினதிக்கு மாலை போட்டோம். சந்தனம் பூசினோம், குங்குமம் வைத்தோம். பூவைத் தலை கொள்ளாமல் வைத்தோம். மினதி சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி கட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சந்தனக் கிண்ணம் உருண்டது. வளையல் இல்லை.

எங்கள் லைனில் முழுச் சட்டை தைக்கிறவர் யாரும் கிடையாது. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட். அதே மாதிரிதான் வளைகாப்பையும் பிரித்துக்கொண்டோம். அவரவர் வேலையை அவரவர் சுத்தமாக முடித்தோம். வளையல் யார் கணக்கிலும் வரவில்லை. சானடோரியத்தில் செய்தபோதெல்லாம் வளையலை ஆபீசிலிருக்கும் வெல்ஃபேர் அம்மாவே வாங்கிவந்து, மாலையில் கேட்டுக்கு வெளியே வைத்துப் போட்டுவிடுவார். ஏனென்றால் உள்ளே கண்ணாடி வளையல் போடக்கூடாது. உடைந்து ஒரு துண்டு சட்டைக்குள் போய்விட்டால் எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தைக் கிழித்துவிடும். அதனால் எங்கள் கையில் வருஷக்கணக்காக வளையலே கிடையாது. மூன்று பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டோம், ஒருத்திக்கும் வளையல் ஞாபகம் வரவில்லை.

"வளைகாப்புல வளை மட்டும் இல்ல. காப்பு கீது" என்றாள் சாந்தி, மெதுவாக. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சகுனம் என்ன ஆகும், அந்தப் பெண் என்ன நினைப்பாள், ஒடிசாவில் அவள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வாள். பாலூரில் கடை திறந்திருக்குமா என்று கோமதியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றார்.

அப்போது விடுதிப் பெண் ஒருத்தி ஏதோ இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரே ஓட்டமாக எல்லாரும். மாடியில் தகரப் பெட்டிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒவ்வொருத்தி கையிலும் வளையல்.

எல்லாம் புதுசு, கட்டுப் பிரிக்காதது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மா வாங்கித் தந்தது, திருவிழாவில் ஆசைப்பட்டு வாங்கியது. வேலையில் போடக்கூடாது என்பதால் பெட்டிக்குள்ளேயே கிடந்தவை. எங்களுக்கு வளையலை மறக்கவைத்த அதே சட்டம் இவர்களுடையதை உடையாமல் வைத்திருந்தது. ஜார்க்கண்டிலிருந்து அரக்கு வளையல், ஒடிசாவிலிருந்து சிவப்பு, திருவண்ணாமலையிலிருந்து பச்சை, அசாமிலிருந்து பெயர்கூடத் தெரியாத ஒரு நிறம். ஒருத்தி ஒருத்தியாக வந்து தன் ஊர்ப் பெயரைச் சொல்லி மினதிக்குப் போட்டாள். திண்டிவனத்து வளையல் அளவு சின்னது, சோப்பு போட்டு ஏற்றினோம். முழங்கை வரைக்கும் ஏறி, மேலே இடமில்லாமல் போனபோது மினதி கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். அந்தத் தகரக் கூரை பூராவும் கேட்டிருக்கும்.

"நாளைக்கு மெஷின்ல எப்டிடி உட்காருவ?" என்றேன்.

"நாளைக்கு லீவு போட்டாச்சுக்கா" என்றாள் மினதி. "நீங்க நாளைக்கு இன்னா சொல்லப் போறீங்க? அத்த மொதல்ல சொல்லுங்க."

எல்லாரும் சாதத்தில் கை வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எனக்கு இருக்கிற கவலைகளை எடுத்துச் சொன்னேன். பஸ் ஒத்துக்கொள்ளாது. காலையில் இருட்டோடு கிளம்ப வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? மழைக்காலத்தில் செங்கல்பட்டு வண்டி நின்றுபோகும். வீட்டில் கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தால் திரும்பிப் போக முடியாது. கம்பெனி பஸ் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் வந்து ஆள் ஏற்றுகிறது, அதுவரைக்கும் ரயிலில் வரலாமே என்று தேன்மொழி நடுவில் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. இருந்தாலும் மிச்சக் கவலைகளையும் சொல்லி முடித்தேன்.

எதிரில் பூல்மணி என்று ஒரு பெண், ஜார்க்கண்டுக்காரி, அரக்கு வளையல் கொடுத்தவள். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவளாம், அதற்கு முன் ரயிலே ஏறியதில்லையாம். தமிழ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். நான் சொன்னது முழுக்கப் புரியாமல், ஆனால் என் முகத்தைப் பார்த்து மனசு இரங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா வீடு ரொம்ப தூரமா?" என்று கேட்டாள். "எத்தனை ராத்திரி?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். சாந்திக்குப் புரையேறிவிட்டது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லம்மா" என்றேன். "ராத்திரிலாம் இல்ல. பக்கத்துலதான்."

சொன்ன பிறகுதான், அதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்ததும் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். காரணம் புரியாமல் பூல்மணியும் சிரித்தாள். தயிர்ச் சாதம் புளிக்கவில்லை. ஐந்து சாதமும் வழித்துத் தீர்ந்தது.

கிளம்புமுன் காவல்காரரிடம் சொல்லிவிட்டு மினதி எங்களை யூனிட்டின் ஜன்னல் வழியாகப் பார்க்க வைத்தாள். உள்ளே வரிசையாக மெஷின்கள். கடைசி வரிசையில் சிலவற்றுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கூரை உயரம், வெளிச்சம் நன்றாக இருந்தது. நம் சானடோரியத்தில் மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். இங்கே ஜன்னலுக்கு வெளியே வயல் தெரிந்தது. அங்கே டீக்கடை தெரியும், சாயங்காலம் பஜ்ஜி வாசனை வரும். அது இங்கே கிடையாது. கோமதியிடம் கேட்டேன். வந்தீங்கன்னா நாங்களே ஒரு கடை போட்டுடுவோம் என்றார்.

திரும்பும்போது கூடுவாஞ்சேரியில் தேன்மொழி இறங்கினாள். சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு போகணும் என்று அவசரம். சாந்தி ஜன்னலோரத்தில் தூங்கிவிட்டாள். நாவலூருக்குத்தான் போவேன் என்று தூங்குவதற்கு முன்னும் ஒரு தடவை சொன்னாள். அவள் வீட்டில் மாமியாருக்கு முடியவில்லை, தூரம் போகமுடியாது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். லைன் அப்படியே ஒன்றாக எங்கேயும் போகாது. சிலர் பாலூர், சிலர் நாவலூர், சிலர் வீட்டோடு. ஆனால் வளைகாப்பு வந்தால் எங்கிருந்தாலும் சாதம் கட்டிக்கொண்டு வருவதென்று பேசிவைத்திருக்கிறோம். அடுத்த தடவை வளையல் சாந்தி பொறுப்பு.

தாம்பரத்தில் இறங்கியபோது சாயங்காலம் ஐந்து மணி. இந்த ஸ்டேஷனில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். தெற்கே இருந்து வந்து இறங்கியது இதுதான் முதல். கூட்டமும் சத்தமும் ஒன்றுதான், ஆனால் ஊர் நடுவில் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. முன்பெல்லாம் ஊரின் கடைசியில் இறங்குகிற மாதிரி இருக்கும்.

வெளியே போகாமல் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். சாந்தி கொட்டாவி விட்டபடி பின்னால் வந்தாள். ஆதார் அட்டை எப்போதும் பையில் இருக்கும், எங்காவது விழுந்து கிடந்தால் யார் என்று தெரியவேண்டுமே என்று வைத்திருக்கிறேன். அதை எடுத்து நீட்டி, செங்கல்பட்டுக்கு ஒரு மாத சீசன் வேண்டும், அடுத்த வாரத்திலிருந்து என்றேன்.

சாந்திக்குத் தூக்கம் போய்விட்டது.

"இன்னா ஸ்டெல்லா, நாளைக்குத்தான ஆபீஸ்ல சொல்லணும்? அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"ராத்திரி படுத்தா திரும்பவும் பயம் வந்துடும்டி" என்றேன். "அதுக்குள்ள வாங்கிடணும்."